பெயரிடும் உரிமை: காத்தவராயன் முதல் நம் வீட்டுப் பிள்ளைகள் வரை



மறைந்த தோழர் ஒருவரின் பெயரை ஆண்டுக்கு ஒருமுறை உரக்கச் சொல்வதற்காக நாம் கூடுகிறோம். ஊர் மறந்துவிட நினைக்கும் பெயர்களை மறக்க விடாமல் வைத்திருப்பதும் இயக்க வேலைதான். அதனால் இந்த ஆண்டு பெயரைப் பற்றியே பேசலாம் என்று எண்ணினேன். இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது என் குடும்பத்தில் நடந்தது.

என் அக்காவின் பிள்ளைக்குப் பதினான்கு வயது. ஆண் பெயர் வைத்து, ஆண் பிள்ளை என்று வளர்த்த பிள்ளை. சென்ற கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையில் அக்கா வீட்டு மாடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, “மாமா, இனிமே என்ன அந்தப் பேரு சொல்லிக் கூப்பிடாதீங்க” என்றது. பின்னே எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டேன். ஒரு பெண் பெயரைச் சொன்னது.

இருபது ஆண்டுகளாக மேடைகளில் சுயமரியாதை பேசி வருகிறேன். நான் சொன்ன பதில் இதுதான்: “மொதல்ல பத்தாவது முடி. அப்புறம் பாத்துக்கலாம்.” பிள்ளை தலையை ஆட்டிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் சொன்ன பதில் எங்கேயோ கேட்ட பதிலாக இருந்தது. முதலில் படியுங்கள், முதலில் சுத்தமாக இருங்கள், முதலில் முன்னேறுங்கள், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நூறாண்டுகளுக்கு மேலாக நம்மிடம் சொல்லப்பட்டு வரும் பதில் அது. அதே வாக்கியத்தை நான் ஒரு குழந்தையிடம் சொல்லியிருக்கிறேன்.

இதைப் பேச அக்காவிடமும் பிள்ளையிடமும் அனுமதி வாங்கியிருக்கிறேன். அந்த இரண்டு பெயர்களையும் இங்கே சொல்லப் போவதில்லை. ஒன்று, வேண்டாம் என்று வைத்துவிட்ட பெயர். மற்றது, யார் யார் சொல்லலாம் என்பதைப் பிள்ளை இன்னும் முடிவு செய்துகொண்டிருக்கும் பெயர்.

பெயருக்கும் ஒரு சட்டம்

பெயர் என்பது அடையாளம் மட்டும்தானே, அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு மனுஸ்மிருதி பதில் வைத்திருக்கிறது. இரண்டாம் அத்தியாயம், 31ஆம் சுலோகம். பிராமணக் குழந்தையின் பெயர் மங்களத்தையும், சத்திரியனுடையது வலிமையையும், வைசியனுடையது செல்வத்தையும் குறிக்க வேண்டும். சூத்திரனின் பெயர் இழிவைக் குறிக்க வேண்டும். அடுத்த சுலோகம் சூத்திரன் பெயரோடு ஊழியத்தைக் காட்டும் சொல்லைச் சேர்க்கச் சொல்கிறது. வருணத்துக்கு வெளியே நிறுத்தப்பட்ட நமக்கு அந்த வரிசையில் இடமே இல்லை. குழந்தை பேசத் தொடங்குவதற்கு முன்பே அது எந்தப் படியில் நிற்க வேண்டும் என்பதைப் பெயரால் எழுதிவிடும் ஏற்பாடு இது.

குப்பன், பிச்சை, மண்ணாங்கட்டி போன்ற பெயர்களை எல்லாம் இந்தக் கணக்கில் சேர்த்துவிட முடியாது. அடுத்தடுத்துக் குழந்தைகள் இறந்த வீடுகளில், அடுத்த குழந்தையைக் குப்பை மேட்டில் புரட்டி எடுத்து அப்படிப் பெயர் வைக்கும் வழக்கம் பல சாதிகளிலும் இருந்தது. சாவு இதை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகட்டும் என்ற பயத்தில், பாசத்தில் வைத்த பெயர்கள் அவை. ஆனால் மற்ற வீடுகளில் அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு மரியாதைச் சொல் சேர்ந்துகொண்டது. சேரியில் பிறந்தவருக்கு எழுபது வயதானாலும் அது வெறும் பெயராகவே நின்றது. கூடவே ஒரு ‘டா’வும் வந்தது.

என் தாத்தாவுக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது. அவருக்கு முன் பிறந்த மூன்று குழந்தைகள் தங்கவில்லை. செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து இளம் வயதில் கோலார் தங்கவயலுக்குச் சுரங்க வேலைக்குப் போனார். வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் அப்படிப் போனார்கள். அயோத்திதாசரின் பௌத்தச் சங்கம் வேரூன்றிய மண் அது. திரும்பி வந்தபோது தாத்தாவிடம் ஒரு தகரப் பெட்டியும் ஒரு புதுப் பெயரும் இருந்தன. சேரி அந்தப் பெயரைக் கொஞ்சம் சிரித்து, பிறகு பழகிக்கொண்டது. ஊர் பழகவில்லை. ஆண்டை வேண்டுமென்றே பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார். தாத்தா திரும்பிப் பார்க்காமல் நடந்து போவார். அதற்காக ஒரு பருவம் முழுக்க அவருக்கு நடவு வேலையும் இல்லை, அறுப்பு வேலையும் இல்லை.

பெயர் மாற்றிய முன்னோர்

நம் அறிவு மரபின் தொடக்கத்திலேயே ஒரு பெயர் மாற்றம் இருக்கிறது. 1845ஆம் ஆண்டு மே 20 அன்று பிறந்த ஒரு குழந்தைக்குக் காத்தவராயன் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பிள்ளை தனக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த ஆசிரியரின் பெயரைத் தன் பெயராக ஏற்றுக்கொண்டது. அவர்தான் அயோத்திதாசப் பண்டிதர். 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ ஏட்டைத் தொடங்கியவர். இன்று அவரைக் காத்தவராயன் என்று நாம் யாரும் அழைப்பதில்லை. உண்மைப் பெயர் அதுதானே என்று யாரும் வாதாடுவதுமில்லை.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். 1898இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்று வந்த பிறகும் அவர் அந்தப் பெயரை விடவில்லை. அயோத்தியும் தாசனும் ஒட்டிய பெயர் பௌத்தருக்குப் பொருந்துமா என்று இன்றைய நம் தோழர்கள் சிலர் கேட்டிருக்கக்கூடும். அவருக்கு அது ஆசிரியரின் பெயர். அந்தப் பெயரில் அவர் எதைக் கேட்டார் என்பதை அவர்தான் அறிவார். தேர்ந்தெடுத்த பெயர் நம் கொள்கைத் தேர்வில் தேறியாக வேண்டும் என்ற அவசியமில்லை.

பாபாசாகேபின் கதை உங்களுக்குத் தெரியும். குடும்பத்தின் பெயர் சக்பால். சொந்த ஊரான அம்பவடேயை ஒட்டி அம்பவடேகர் என்றும் வழங்கியது. 1900ஆம் ஆண்டு நவம்பர் 7 அன்று சாதாரா பள்ளிப் பதிவேட்டில் ஏறிய பெயர் ‘பீவா ராம்ஜி அம்பேத்கர்’. ஓர் ஆசிரியரின் பெயரிலிருந்து அது வந்தது என்று சொல்லப்படுகிறது. மராட்டியம் இன்று அந்த நாளை மாணவர் தினமாகக் கொண்டாடுகிறது. பள்ளிப் பதிவேட்டில் ஒரு குழந்தையின் பெயர் ஏறிய நாள் ஒரு மாநிலத்துக்கே விழாவாக இருக்கிறது.

தனி மனிதருக்கு நடந்தது சமூகத்துக்கும் நடந்தது. 1893இல் இரட்டைமலை சீனிவாசன், இழிவாக வீசப்பட்ட சொல்லையே எடுத்துப் ‘பறையன்’ என்று பத்திரிகை தொடங்கினார். அயோத்திதாசர் அதை ஏற்கவில்லை. மக்கள்தொகைக் கணக்கில் பூர்வத் தமிழர், சாதிபேதமற்ற திராவிடர் என்று பதிய வேண்டும் என வாதாடினார். வங்காளத்தில் சண்டாளர் என்று எழுதப்பட்டவர்கள் போராடி 1911 கணக்கெடுப்பில் நாமசூத்திரர் ஆனார்கள். சென்னை மாகாணத்தில் எம்.சி. ராஜாவின் முயற்சியால் 1922இல் பறையர், பஞ்சமர் என்ற சொற்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசு வழக்கில் ஏறியது. காந்தி வைத்த அரிஜன் என்ற பெயரை நாம் மறுத்தோம். நல்ல எண்ணத்தில் வைத்ததுதானே என்று கேட்டவர்களிடம், வைத்தது நாங்கள் இல்லையே என்றோம். 1972இல் மும்பையில் தலித் சிறுத்தைகள் எழுந்தபோது, தலித் என்ற சொல் நாமே நமக்கு இட்ட பெயராக நாடெங்கும் பரவியது.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொன்னது. தமிழ்நாட்டின் பெருமைகளில் ஒன்று அது. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. பட்டம் இருந்தவர்கள் துறந்தார்கள். நாம் துறப்பதற்குப் பட்டம் ஏதும் வைத்திருக்கவில்லை. அவர்களுடைய சீர்திருத்தம் பெயரின் வாலை வெட்டுவதாக இருந்தது. நம்முடையது முழுப் பெயரையும் நம் கைக்குக் கொண்டுவருவதாக இருந்தது.

பிள்ளை தகப்பனுக்குப் பெயர் வைத்த வரலாறும் நம்மிடம் உண்டு. தொல். திருமாவளவனின் தந்தையார் பெயர் இராமசாமி. மகன் அவருக்குத் தொல்காப்பியன் என்று பெயர் சூட்டினார். இன்று மகனின் பெயருக்கு முன்னால் நிற்கும் ‘தொல்.’ அப்படி வந்தது. வளர்ந்த மகனிடமிருந்து ஒரு பெயரை வாங்கிக்கொள்ள அந்தத் தந்தைக்கு எவ்வளவு பெரிய மனது இருந்திருக்க வேண்டும்! பெயர் எப்போதும் மூத்தவரிடமிருந்து இளையவருக்குத்தான் வர வேண்டும் என்ற விதியை நம் இயக்கமே உடைத்திருக்கிறது.

இந்த ஊரில் பெயர் மாற்றிய ஒரு சிறுவன்

இனி இதே திருவண்ணாமலைக்கு வருவோம். 1896ஆம் ஆண்டு செப்டம்பர் 1 அன்று பதினாறு வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டைவிட்டு இந்த ஊருக்கு வந்து சேர்ந்தான். திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன். வீட்டில் அவன் விட்டுவந்த கடிதத்தில் கையெழுத்து இல்லை. கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கோடுகள்தான் இருந்தன. இங்கே வந்த பிறகு பேசவுமில்லை. பெயர் தெரியாத அந்தச் சிறுவனை ஊர் ‘பிராமண சுவாமி’ என்று அழைத்தது. 1907இல் காவ்யகண்ட கணபதி முனி ரமண மகரிஷி என்று பெயரிட்டார். உலகம் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டது.

அவருடைய ஆன்மிகத்தை நான் இங்கே விவாதிக்க வரவில்லை. நான் பார்ப்பது ஊரின் நடத்தையை. பெயர் தெரியாத சிறுவனுக்கு ஊர் முதலில் வைத்த பெயரே அவன் சாதியின் பெயர். ஆனால் அந்தச் சாதிப் பெயரோடு ‘சுவாமி’யும் சேர்ந்து வந்தது. பதினாறு வயதில் தன் பழைய பெயரை வேண்டாம் என்று வைத்த ஒருவனை, பத்தாவது முடித்துவிட்டு வா என்று இந்த ஊர் சொல்லவில்லை. புதுப் பெயரை மதிக்க ஊருக்குத் தெரியும். யாருடைய புதுப் பெயரை மதிப்பது என்பதில்தான் கணக்கு இருக்கிறது.

இன்னொன்று. தீபத்தன்று மாலை அர்த்தநாரீசுவரர் ஓரிரு நிமிடங்களே வெளியே வருவார். அப்போது மலையுச்சியில் தீபம் ஏற்றப்படும். பாதி ஆணும் பாதி பெண்ணுமான அந்த உருவத்தைக் காண இலட்சக்கணக்கானோர் காத்திருக்கிறார்கள். அன்று மாலைதான் ஒரு பிள்ளை என்னிடம் வந்து பெயர் கேட்டது. அதே ஊரில், கோயில் கும்பிடாத நான்தான் அதைத் திருப்பி அனுப்பினேன்.

ஒரு பெயருக்கு எத்தனை கோபம்

பெயர்தானே என்று சொல்பவர்கள் பெயர் மாற்றங்களுக்குக் கிடைத்த எதிர்வினைகளைப் பார்க்க வேண்டும். மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சூட்ட 1978 ஜூலையில் மராட்டியச் சட்டமன்றம் தீர்மானித்தது. உடனே தலித் குடியிருப்புகள் எரிந்தன. 1994 ஜனவரி 14 அன்றுதான் அந்தப் பெயர் ஏறியது. அதுவும் பழைய பெயரை உடன் வைத்துக்கொண்டு. 2022 மே மாதம் ஆந்திராவின் கோனசீமா மாவட்டத்துக்கு அம்பேத்கர் பெயரைச் சேர்ப்பதை எதிர்த்து அமலாபுரத்தில் தீ வைத்தார்கள்.

நம் மாவட்டத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. 1989இல் வட ஆற்காடு மாவட்டம் இரண்டானது. ஒன்று திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம். மற்றொன்று வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அப்போது பள்ளியில் படித்த நாங்கள் மாவட்டத்தின் முழுப் பெயரையும் எழுதிப் பழகினோம். 1997இல் விருதுநகரை மையமாகக் கொண்ட போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு சூட்டியது. தலித் வீரர் ஒருவரின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்களில் கலவரம் வெடித்தது. அரசு என்ன செய்தது? எல்லாப் போக்குவரத்துக் கழகங்கள், எல்லா மாவட்டங்களின் பெயர்களிலிருந்தும் தலைவர்களை நீக்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சம்புவராயரும் போனார், அம்பேத்கரும் போனார். ஒரு தலித் பெயரைச் சொல்ல மறுத்தவர்களுக்காக எல்லாப் பெயர்களும் அழிந்தன.

அண்மையில் காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது. நாங்குநேரியில் 2023இல் தலித் மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வெட்டப்பட்ட பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, மாணவரைச் சாதியைக் குறிப்பிட்டு ஆசிரியர் அழைக்கக் கூடாது என்று 2024இல் பரிந்துரைத்தது. ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதல்வர் அறிவித்தார். நம் தெருவுக்கு இன்னொருவர் வைத்த பெயர் வலிக்கிறது என்று நாம் சொன்னோம். வலியை நிரூபிக்கச் சொல்லாமல் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டோம். அதையேதான் நம் பிள்ளை நம்மிடம் கேட்கிறது.

நம் வீட்டுக்குள்

பெயர் கேட்கும் பிள்ளைகளில் திருநர் பிள்ளைகளும் உண்டு. அவர்களில் நம் பிள்ளைகளும் உண்டு. தலித் குடும்பத்தில் பிறந்த திருநங்கை லிவிங் ஸ்மைல் வித்யா தன் வரலாற்றை 2007இல் எழுதினார். நூலின் பெயர் ‘நான், சரவணன் வித்யா’. இரண்டு பெயர்களையும் தலைப்பிலேயே வைத்தவர் அவர். அப்படி வைக்கும் உரிமையும் அவருக்கே உரியது. ஆவணங்களில் தன் பெயரை மாற்ற அவர் நடத்திய போராட்டம் நெடியது. பிரித்திகா யாஷினியின் காவல் உதவி ஆய்வாளர் விண்ணப்பம், சான்றிதழில் இருந்த பெயரோடு பொருந்தவில்லை என்று தள்ளப்பட்டது. 2015இல் சென்னை உயர்நீதிமன்றம் போய்த்தான் அவர் அந்த வேலையைப் பெற முடிந்தது. ஆவணத்தில் பெயர் பொருந்தாததால் உதவித்தொகை இழந்த மாணவர்களை நமக்குத் தெரியும். அந்தச் சுமையைத் திருநர் பிள்ளைகள் வாழ்நாள் முழுக்கச் சுமக்கிறார்கள்.

தன் பாலின அடையாளத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை ஒருவருக்கு உண்டு என்று 2014 ஏப்ரல் 15 அன்று உச்சநீதிமன்றம் நால்சா வழக்கில் தீர்ப்பளித்தது. பாபாசாகேப் எழுதித் தந்த அரசியல் சாசனத்தின் சமத்துவம், கண்ணியம் பற்றிய பிரிவுகளில் நின்றுதான் அந்தத் தீர்ப்பு பேசுகிறது. வீட்டில் அவர் படத்தை மாட்டியிருக்கும் நாம் இதை நினைவில் வைக்க வேண்டும்.

சரி, நடைமுறையில் என்ன செய்வது? நான் தவறிய இடத்திலிருந்து கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், ஏன் என்று விசாரணை நடத்தாமல் எப்படிக் கூப்பிடட்டும் என்று கேளுங்கள். அடுத்து, எங்கே கூப்பிடலாம் என்று கேளுங்கள். வீட்டில் மட்டுமா, பள்ளியிலுமா, ஊர்த் திருவிழாவிலுமா? பிள்ளைக்கு ஓரிடத்தில் பாதுகாப்பாக இருக்கும் பெயர் இன்னோரிடத்தில் அடி வாங்கித் தரலாம். அதை எல்லோருக்கும் அறிவிக்கும் வேலை நம்முடையதல்ல. தவறிப் பழைய பெயரைச் சொல்லிவிட்டால் திருத்திக்கொண்டு மேலே பேசுங்கள். அரை மணி நேரம் மன்னிப்புக் கேட்டு, பிள்ளை நம்மைத் தேற்றும்படி வைக்காதீர்கள். கூப்பிடுவதற்குப் பணம் வேண்டாம், அரசாணை வேண்டாம். நாளைக்கே பிள்ளை மனம் மாறி வேறு பெயர் சொன்னாலும் யாருக்கும் நட்டமில்லை. ஆவணம் வேறு விஷயம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ஒரு பெயர் ஏறிவிட்டால் பிறகு அரசிதழில் வெளியிட்டு, அந்த நகலை வாழ்நாள் முழுக்கக் கையில் வைத்து அலைய வேண்டும். எனவே “பத்தாவது முடி” என்ற என் அறிவுரை மனிதத்தன்மையில் மட்டுமல்ல, நடைமுறையிலும் தவறு. எட்டாவது, ஒன்பதாவதிலேயே உட்கார்ந்து பேச வேண்டிய பேச்சு அது.

வேறொரு வகைப் பிள்ளையும் உண்டு. தன் பெயரைக் கேட்டதும் வகுப்பில் சாதி சொல்லிச் சிரிக்கிறார்கள், அதனால் மாற்றிவிடுங்கள் என்று கேட்கும் பிள்ளை. பீமாராவ் என்று பெயர் வைத்த வீட்டுப் பிள்ளை அப்படிக் கேட்டால் நமக்கு நெஞ்சு வலிக்கும். அந்தப் பிள்ளையைத் துரோகி போலப் பார்க்காதீர்கள். மாற்றிக்கொள்ள விரும்பினால் மாற்றிக்கொள்ளட்டும். ஆனால் அதோடு நம் வேலை முடிந்துவிடாது. சிரித்தவர்கள் யார், அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆசிரியர் யார் என்று பள்ளிக்கூடத்துக்குப் போய்க் கேட்க வேண்டும். பெயரை மாற்றிக்கொள்வது பிள்ளையின் உரிமை. மாற்றும்படி விரட்டப்படுவது குற்றம். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும்.

ஆயா சொன்ன பெயர்

கடைசியாகத் தாத்தாவின் கதைக்குத் திரும்புகிறேன். எங்கள் ஆயா அந்தக் காலத்து மனுஷி. புருஷன் பெயரை வாயால் சொன்னதில்லை. யாராவது கேட்டால் பக்கத்தில் இருக்கும் பிள்ளையைச் சொல்லச் சொல்லும். குடும்ப அட்டைக்குப் பெயர் எழுத ஆள் வந்த அன்று தாத்தா வீட்டில் இல்லை. கூட வந்த ஊர்க்காரர் ஒருவர் தாத்தாவின் பழைய பெயரைச் சொன்னார். எழுத வந்தவர் பேனாவை எடுத்தார். ஆயா எழுந்து நின்று, தன் வாழ்நாளில் முதன்முறையாக, புருஷனின் புதுப் பெயரைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்லியிருக்கிறது. இரண்டு தடவை. அட்டையில் அந்தப் பெயர்தான் ஏறியது.

இதை நான் மறந்திருந்தேன். அக்கா மறக்கவில்லை. தீபத்துக்கு மறுநாள் காலை அக்காவிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: “ஆயா புருஷன் பேரயே சொன்னவங்கடா. நான் பெத்த புள்ள பேர சொல்ல மாட்டனா?”

கையைத் துடைத்துக்கொண்டு, காப்பி குடிக்க வரச் சொல்லி மாடியைப் பார்த்துக் கூப்பிட்டாள். புதுப் பெயர். அவளுக்கு நாக்கு கொஞ்சம் தடுமாறியது. படிக்கட்டில் காலடிச் சத்தம் கேட்டது. அவள் இறங்கி வந்தாள்.

ஜெய்பீம்.